பொன்னாடையும் பயணச் செலவும்

ஈழத்துத் தமிழ் நாடகத்தின் இன்றைய நிலைபற்றிக் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் இரண்டு புலம்பல்களே மாறிமாறி ஒலிக்கின்றன. நல்ல பிரதிகள் இல்லை என்பது ஒன்று. நல்ல பார்வையாளர் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நான் மறுக்கிறேன். பிரதிகள் உள, அவை அச்சேறாமற் கொப்பிகளிற் கிடக்கின்றன. பார்வையாளரும் உளர், அவர்களை நாம் ஒருமுறைக்கு மேல் அழைத்ததில்லை. எமது நாடகத்துக்கு இல்லாதது இரண்டாவது இரவு.

பெருமண்டபங்களிற் பெரும் பொருட்செலவில் அளிக்கப்படும் நாடகங்களைப்பற்றி நான் இங்கு பேசவில்லை. அவற்றுக்குப் பரிந்து பேசப் பலர் உளர். பாடசாலை வகுப்பறையிலும், வாசிகசாலை முற்றத்திலும், கோயில் வீதியிலும், பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலும் பதினைந்து இருபது பேர் கூடித் தயாரிக்கும் நாடகங்களே எனது அக்கறைக்குரியன. சிறு சஞ்சிகை என்று ஒன்றை நாம் மதிப்போடு குறிப்பிடுவதுபோல இதனைச் சிற்றரங்கு எனலாம். ஆயின் சிறு சஞ்சிகைக்குள்ள நல்வாய்ப்பு இதற்கில்லை. நூறு பிரதிகள் மட்டும் விற்ற சஞ்சிகையையும் இருபது ஆண்டுகளின் பின் எவனாவது ஒரு மாணவன் நூலகத் தூசி தட்டி எடுத்து வாசிப்பான். நாடகமோ ஆடப்படும்போது மட்டும் உயிரோடிருப்பது. ஆடுவதை நிறுத்திய மறுநாள் அது இறந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு நாம் ஒரு நாடகம் போட்டோம். இருபத்திரண்டு பேர் எழுபது நாட்கள் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் ஒத்திகை பார்த்தோம். கணக்குப் பார்த்தால் 4,620 மணித்தியால மனித உழைப்பு. அதன் விளைவாகப் பிறந்த நாடகத்தின் ஆயுள் ஐம்பது நிமிடம். அதுவும் பிரதம விருந்தினர் தாமதித்து வந்தமையாலும், அவருக்குமுன் அறுவர் பேசவேண்டியிருந்தமையாலும், ஒரு காட்சியை வெட்டி நாற்பது நிமிடமாக்கும்படி மேடைக்குப் பின்னால் வந்து கேட்டுக்கொண்டார்கள். வெட்டினோம். நன்றியுரை முடிந்தது, மண்டபத்துக் காவலாளி விளக்கணைத்தார். எழுபது நாட்களில் நாம் கற்றவற்றை மீண்டும் ஒருதரம் செய்துபார்க்க எவரும் எமக்கு இடந்தரவில்லை; நாமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே எமக்குத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கத்துக்குரிய செய்தி.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. அதே நாடகத்தின் ஒரு பகுதியைத் தமது ஆண்டு விழாவில் ஆடிக்காட்டுமாறு வேறோர் ஊரிலுள்ள அமைப்பொன்று எம்மைக் கேட்டது. எமது நாடகத்துக்கு மத்தளம் வாசித்தவர் மாணவரல்லர். மட்டக்களப்புப் பகுதிக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். அறுபதை அண்மித்த வயது. மேசன் தொழில் செய்பவர். தந்தையாரிடம் மத்தளம் பழகியவர். அவருடைய தாளக்கட்டின்மேலேதான் எமது நாடகம் நின்றது என்பதை ஆடிய ஒவ்வொருவரும் அறிவோம். இரண்டு நாட் கூலியை விட்டுவிட்டு, இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்தவாறே வந்து, வாசித்துவிட்டு, அடுத்த இரவும் பஸ்ஸில் இருந்தவாறே அவர் திரும்பவேண்டியிருந்தது. விழா அமைப்பாளர் எமக்குத் தேநீர் தந்தனர். அனைவரையும் மேடைக்கழைத்து வாழ்த்தினர். மத்தளகாரருக்குப் பொன்னாடை போர்த்தினர். அவரைப்பற்றி ஐந்து நிமிடம் பேசிய பெரியவர் ‘மண்ணின் மைந்தர்’ என்றார், ‘மரபின் காவலர்’ என்றார். அவருடைய பெயரைப் பிழையாகச் சொன்னார். பயணச் செலவுபற்றி எவரும் வாய்திறக்கவில்லை. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, கலைக்காகச் செய்கிறவர்களிடம் காசுபற்றிப் பேசுவது அவர்களை அவமதிப்பதாகும் என்ற விளக்கம் கிடைத்தது.

பஸ் நிலையத்தில் அவர் அந்தப் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்தார். வைத்தவர் என்னைப் பார்த்து, “மனே, இத வித்தா என்ன வரும்?” என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். “வீட்ட இதோட பதினொண்டு கிடக்கு” என்றும் சொன்னார். நான் என்னிடமிருந்ததை அவருடைய கையில் வைத்தேன். அது போதாது என்பது இருவருக்கும் தெரியும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் பஸ் கட்டணம் எவ்வளவு உயர்ந்தது என்பதை ஊர்விட்டு ஊர்வந்து படிக்கும் எமக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

பொன்னாடையை நான் இழித்துரைக்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். அதற்கு ஒரு காலத்திற் பொருள் இருந்தது. கூத்தாடுவோரையும் அண்ணாவிமாரையும் படித்த வர்க்கத்தார் இழிவாகப் பார்த்த நாட்களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களை மேடைக்கழைத்துக் கௌரவித்தார். பேராதனையில் 1960களிற் கர்ணன் போரும், நொண்டி நாடகமும், இராவணேசனும், வாலிவதையும் உருவானபோது, பல்கலைக்கழக மாணவர் கிராமத்து அண்ணாவியாரின் முன் நின்று ஆட்டம் பழகினர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோரின் ஞானம் இன்றேல் அத்தயாரிப்புக்கள் இல்லை. சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்ட ஒருவருக்குச் சபை நடுவே மரியாதை செய்வது அன்று ஒரு கலகம். இன்று அது எவருக்கும் எதுவும் செலவாகாத சடங்கு. அன்று இழிவுக்கு எதிராகப் போர்த்திய துணியை இன்று கூலிக்குப் பதிலாகப் போர்த்துகிறோம். வித்தியானந்தன் தொடக்கிவைத்த காரியத்தின் வாரிசுகள் நாமே என்று ஆண்டுதோறும் மலரில் எழுதுபவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

“கலை விலைபொருளன்று, எமது முன்னோர் காசுக்காகவா கூத்தாடினர்?” என்பதே எதிர்த்தரப்பாரின் முதலாவது வாதம். கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் வரலாற்றுக்கு ஒவ்வாதது. மட்டக்களப்புக் கூத்து எவ்வாறு நடைபெற்றது என்பதைப் பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களின் ஆய்வைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவர். ஊர் கூடிக் கூத்தைத் தெரிவுசெய்யும். சட்டங் கொடுத்தல் முதற் சதங்கை அணிதல் ஈறாக மாதக்கணக்கிற் பழக்கம் நடைபெறும். அக்காலமெல்லாம் அண்ணாவியாரைத் தாங்குவது ஊரின் கடன். வட்டக்களரியில் விடியவிடிய அரங்கேற்றம் நிகழும். அதன்பின்? எமது சங்கங்களைப்போல அவர்கள் களரியைப் பிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஆடினர். வீட்டார் பணமும் பொருளும் கொடுத்தனர். அண்ணாவியாருக்கும் மத்தளகாரருக்கும் சேரவேண்டியது சேர்ந்தது. ரிக்கற் இல்லை என்பதனால் அது இனாம் என்று எண்ணுவது எமது அறியாமை. பண்டம் கைமாறிய சமுதாயத்திற் பண்டமாக வழங்கப்பட்டது; காசு கைமாறும் சமுதாயத்தில் அது காசாகவே வழங்கப்படவேண்டும். பழைய சமூகத்தின் கடப்பாட்டை உதறிவிட்டு அதன் இலவசத்தை மட்டும் வைத்துக்கொள்ள விழைவது எவ்வகை மரபுப் பற்று?

வீட்டுக்கு வீடு ஆடுதல் என்பதில் இன்னொரு உண்மையும் அடங்கியுள்ளது. அரங்கேற்றம் என்பது தொடக்கம். பழகியது பழுத்து வருவது அதற்குப் பின்னர்தான். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவை எடுத்துக்கொள்வோம். 1989இல் மறைந்த அக்கலைஞர் தமது வசந்தகான சபாவைக் கொண்டு மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார் என்பர். ஒரே கதை, ஒரே சுடலை, ஒரே அரிச்சந்திரன். பார்த்தவர்களே மீண்டும் வந்து பார்த்தனர். கதை தெரிந்தும் ஏன் வந்தனர்? ஒவ்வோர் இரவும் அதே பாட்டு வேறு கனத்தோடு வரும் என்பதனால் வந்தனர். நூறாவது இரவிற் கிடைக்கும் அந்தக் கனம் முதலாவது இரவில் எந்த மேதைக்கும் கிடையாது. எமது நடிகர் எல்லோரும் முதலாவது இரவோடு முடிந்துபோகிறவர்கள். பின்னர் நாம், ‘தரமான நடிப்பு இல்லை’ என்று விமர்சனம் எழுதுகிறோம்.

வைரமுத்துவின் காலம் வேறு என்பார் சிலர். நவீன நாடகத்துக்கு வருவோம். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்ததன்பின் அப்போராட்டத்தின் குரலாக என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ எழுந்தது. அதனை அம்பலத்தாடிகள் ஊர் ஊராக எடுத்துச் சென்றனர். சாதியொடுக்குமுறை எங்கிருந்ததோ அங்கேயே அந்நாடகத்துக்கு மேடையும் இருந்தது. 1985இற் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பட்டது. போர் மூண்டிருந்த காலம். எந்த வீதியில் எப்போது என்ன நிகழும் என்று எவருக்கும் தெரியாத காலம். அத்தகைய நாட்களில் அந்நாடகம் குடாநாட்டின் பல கிராமங்களுக்குச் சென்றது. அவர்களுக்கு இரண்டாவது இரவு இருந்தது. போர் ஓய்ந்து, பாதை திறந்து, பஸ் ஓடும் காலத்தில் வாழும் எமக்கு அது ஏன் இல்லை?

எனக்குத் தோன்றும் விடையைக் கூறுகிறேன். அந்நாடகங்களைத் தயாரித்தவர்களுக்கு யாருக்காக ஆடுகிறோம் என்பது தெளிவாயிருந்தது. நாமோ நிகழ்ச்சி நிரலுக்காக ஆடுகிறோம். கலைவிழா ஒன்று வருகிறது. அதில் நடனம் உண்டு, மெல்லிசை உண்டு, கவியரங்கு உண்டு. ஆகவே நாடகமும் ஒன்று வேண்டும். விழா முடிந்ததும் நாடகத்தின் தேவையும் முடிந்துவிடுகிறது. இதற்குத் தமையன் போட்டி நாடகம். பாடசாலைப் பருவத்திலிருந்தே நாம் புள்ளிகளுக்காக ஆடப் பழகியவர்கள். மூன்று நடுவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஒப்பனைக்கு இத்தனை, உச்சரிப்புக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டிருக்க, அவர்களை நோக்கி நின்று வசனம் பேசியவர்கள். முதலிடம் பெற்றாலும் நாடகம் அன்றோடு முடிந்தது, பெறாவிட்டாலும் முடிந்தது. நாடகமும் அரங்கியலும் இன்று க. பொ. த. பரீட்சைக்குரிய பாடம், பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய துறையும்கூட. இதனை வென்றெடுத்தவர்களின் உழைப்பை நான் மறக்கவில்லை. ஆயின் அரங்கைப்பற்றிப் பரீட்சை எழுதியவர்களின் தொகை பெருகிய அளவுக்கு, ஊரிற் பணம் கொடுத்து நாடகம் பார்ப்பவர்களின் தொகை பெருகவில்லை. நாடகம் படித்த ஆசிரியரே மாணவரைப் போட்டிக்குப் பழக்குவதோடு நின்றுவிடுகிறார். பிழை அவருடையதன்று. அதற்கு மேல் அவருக்கு இடமில்லை.

பணம் தரும் நாடகம் ஒன்று உண்டு. அதனையும் சொல்லியாகவேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இற் போர் முடிந்த பின்னரும், விழிப்புணர்வு நாடகம் என்னும் இனம் வடக்கிலும் கிழக்கிலும் செழித்தது. கைகழுவுதல், நுளம்பு, சிறுவர் உரிமை, நல்லிணக்கம் எனச் செயற்றிட்டத்துக்கு ஒரு நாடகம். நடிகருக்குப் படி உண்டு, வாகனம் உண்டு, மதியச் சாப்பாட்டுப் பார்சலும் உண்டு. இதிற் சேர்ந்தவர்களை ஏளனம் செய்வோர் கூட்டத்தில் நான் இல்லை. வீட்டில் உலை வைக்கவேண்டிய கலைஞன் வேறெங்கு போவான்? அவற்றுள் உண்மையான அக்கறையோடு செய்யப்பட்டவையும் இருந்தன. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே முடிவு முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. கலைஞன் அதற்கு வழி கட்டித்தருகிறவன். எத்தனை ஊர், எத்தனை பேர் என்ற அறிக்கை போய்ச் சேர்ந்ததும் நிதி நின்றுவிடும், நாடகமும் நின்றுவிடும். ஆக, எமது கலைஞனுக்கு முன்னுள்ள வழிகள் இரண்டு. சொல்ல விரும்பியதைச் சொல்லிப் பட்டினி கிடக்கலாம். அல்லது பிறர் சொல்லச் சொன்னதைச் சொல்லிப் படி வாங்கலாம். முதலாவது வழியில் நிற்பவனுக்குப் படி கொடுக்க மறுப்பவர்களே அவனை இரண்டாவது வழிக்குத் தள்ளுகிறார்கள். தள்ளிவிட்டு, ‘செயற்றிட்டக் கலைஞன்’ என்று பழிக்கவும் செய்கிறார்கள்.

சிற்றரங்கு சின்னத்திரைக்கும் சினிமாவுக்கும் ஏறும் படி என்று கூறுவோர்க்குப் பதில் எழுதி இம்மலரின் தாளை வீணாக்க விரும்பவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. அதனை நேரிற் சந்திப்போம். சிங்கள அரங்கிற் காமினி ஹத்தொட்டுவேகம 1974 முதல் வீதி நாடகத்தை வளர்த்தெடுத்தார். மண்டபம் இல்லை, திரை இல்லை, ஒளியமைப்பு இல்லை. மக்கள் நடமாடும் இடமே அரங்கு. 2009இல் அவர் மறையும்வரை, அவரிடம் பயின்றவர்கள் பலர் அவ்வழியிற் சென்றனர். செலவைக் குறைத்தால் நாடகம் மீண்டும் மீண்டும் ஆடப்படலாம் என்பது அவர் காட்டிய பாடங்களுள் ஒன்று. எமது பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930களிலேயே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதிப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரைக் கொண்டு ஆடுவித்தபோது, அவற்றுக்கு வேண்டியிருந்தவை ஒரு வீட்டு முகப்பும் நாலைந்து மனிதரும் கூர்மையான செவியுமே. நாமோ பின்திரைக்கும் புகை யந்திரத்துக்கும் வர்ண விளக்குக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, மத்தளகாரரின் பஸ் கட்டணத்துக்குக் கையை விரிக்கிறோம்.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்காகவே எமது சங்கக் கணக்கைப் பார்த்தேன். நானும் அச்செயற்குழுவில் இருந்தவன். ஆகவே இக்குற்றச்சாட்டு என்னையும் சாரும். சென்ற ஆண்டு விழாவில் மண்டபத்துக்குப் பணம் கொடுத்தோம். ஒலிபெருக்கிக்குக் கொடுத்தோம். அழைப்பிதழ் அச்சடித்தவருக்கும், பூமாலை கட்டியவருக்கும், சிற்றுண்டி தந்தவருக்கும் கொடுத்தோம். அச்சகத்தாரிடம் போய், ‘இது தமிழுக்குச் செய்யும் சேவை, இனாமாக அடித்துத் தாருங்கள்’ என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். விழாவுக்கு வந்தவர்கள் எதைப் பார்க்க வந்தார்களோ அதைச் செய்தவர்களுக்கு மட்டும் கணக்கேட்டில் ஒரு வரியும் இல்லை. நாடகம் என்ற சொல்லே அவ்வேட்டில் ஒரேயோர் இடத்திற்றான் வருகிறது: ‘நாடகக் குழுவினர்க்குத் தேநீர்’. பொன்னாடைகள் ஆறு வாங்கியதற்குத் தனி வரி இருக்கிறது. அந்த ஆறில் ஒன்றின் விலையை நான் இங்கு எழுதப்போவதில்லை. அது ஒருவழிப் பயணத்துக்குப் போதுமானதாய் இருந்தது என்று மட்டும் கூறுகிறேன்.

மாணவ நடிகருக்கும் கூலி கொடுக்கவேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை. நாம் கற்பதற்காக ஆடுகிறோம். கற்பதே எமது ஊதியம் என்று கொள்ளலாம். ஆனால் நாள்வேலையை விட்டுவந்து எமக்கு வாசித்துத் தருபவருக்கும், இரவிரவாக உடை தைத்துத் தரும் அம்மாவுக்கும், ஊரிலிருந்து வந்து ஆட்டம் பழக்கும் அண்ணாவியாருக்கும் நாம் கடன்பட்டவர்கள். அக்கடனைப் புகழ்ச்சியால் தீர்க்கமுடியாது. மேலும், பார்வையாளர் என்பவரும் இக்கணக்கில் வருபவரே. இனாமாக நுழைந்தவர் பிரதம விருந்தினரின் பேச்சின்போது தேநீருக்கு எழுந்து செல்வார். நாடகத்தின் நடுவிலும் எழுந்து செல்வார். ஒரு ரிக்கற்றுக்கு நூறு ரூபாவாவது கொடுத்தவர் இருந்து பார்ப்பார், பிடிக்காவிட்டால் ஏசுவார். அந்த ஏச்சைக் கேட்கும் உரிமை எமக்கு இதுவரை கிடைத்ததில்லை. கிடைப்பதெல்லாம் ‘நல்ல முயற்சி’ என்ற சொல்.

இவ்வாண்டு விழாக் குழுவுக்கு நான் எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கிறேன். நாடகத்தை விழாவிலிருந்து பிரித்தெடுக்கவேண்டும். பெரிய மண்டபம் வேண்டாம். கலைப்பீட விரிவுரை மண்டபமொன்றின் கதிரைகளை ஒதுக்கினாற் போதும். நூற்றிருபது பேர் அமரலாம். தொடர்ந்து நான்கு இரவுகள் ஆடவேண்டும். பின்னர் விடுமுறையில் இரண்டு ஊர்களுக்காவது கொண்டுசெல்லவேண்டும். ரிக்கற் விற்கவேண்டும். பிரதம விருந்தினர் வேண்டாம். வர விரும்பினால் அவரும் ரிக்கற் வாங்கிக்கொண்டு வரலாம். வரவுசெலவுத் திட்டத்தின் முதலாவது வரி, வெளியிலிருந்து வரும் கலைஞரின் நாட்கூலியும் பயணச் செலவுமாக இருக்கவேண்டும். எஞ்சியதிலே அழைப்பிதழ் அடிக்கலாம். எஞ்சாவிட்டால் அறிவித்தற் பலகையில் வெண்கட்டியால் எழுதலாம்.

கூட்டத்தில் இது வாசிக்கப்பட்டது. நான்கு இரவுகளுக்கு யார் வருவார் என்று ஒருவர் கேட்டார். பிரதம விருந்தினர் இல்லாவிட்டால் அனுசரணை கிடைக்காது என்று இன்னொருவர் கூறினார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

மத்தளகாரருக்கு நான் தொலைபேசியிற் பேசினேன். குழுவின் முடிவு தெரியாமல் நாள் குறிப்பது முறையன்று, ஆயினும் கேட்டுவைத்தேன். மார்கழியில் மழைக்கு மேசன் வேலை குறைவு, அப்போதென்றால் நான்கு இரவும் நிற்கலாம் என்றார். எத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. இம்முறை அந்தச் சுடலைக் காட்சியை வெட்டாமல் ஆடுவீர்களா என்று கேட்டார்.